நீற்றிய மேடு

சுவருக்குக் காது உண்டென்பார்கள்.
இந்தச் சுவருக்குப் பல் இருக்கிறது:
பழைய நீதிமன்றத்தின் கடல் பார்த்த பக்கம்,
இரண்டு கல்லுக்கு நடுவே சாந்தில்
என் கட்டைவிரல் நகமளவு சிப்பி,
சூளையில் வேகாமல் தப்பியது.

என் படிவத்தில்
விரிசலுக்குக் கட்டம் உண்டு, ஈரத்துக்கு உண்டு,
புறா எச்சத்துக்குக்கூட உண்டு.

காலையில் கலங்கரை விளக்கத்தில் தொடங்கினேன்.
நூற்றுப் பன்னிரண்டு படி, கைப்பிடியில் துரு.
மேலிருந்து பார்த்தால் குடா
யாரோ கடித்துவிட்டு மறந்துபோன ரொட்டி.
திமிங்கிலக் கொழுப்பு உருக்கிய கொப்பரை இரண்டில்
படகுச் சங்க வாசலில் இப்போது
ஊதாப்பூ வளர்க்கிறார்கள்.
நிலை: நன்று என்று எழுதினேன்.
கொப்பரைக்கு நன்றுதான்.

நண்பகலில் மெர்லீன் வந்தாள்.
தொல்குடி நிலக் குழுவின் காவலர்,
முழங்கால்வரை சேறு,
தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்கவில்லை.
கேரவன் பூங்காவில், பதினான்காம் மனைக்குப் பின்னால்
ஒரு யூகலிப்டஸ் மரம்.
ஓடத்துக்காகப் பட்டை உரித்த தழும்பு
என் உயரத்தைவிட நீளம்.
ஓடம் போய்விட்டது; மரம் இருக்கிறது.
தழும்பின் விளிம்பில் ஆணி அடித்து
விடுமுறைக்கு வந்த யாரோ துணிக்கொடி கட்டியிருந்தார்கள்.
மெர்லீன் துண்டுகளை எடுத்தாள்,
ஒவ்வொன்றாய் மடித்து
அவர்களுடைய நாற்காலியில் வைத்தாள்,
ஆணியைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

அடுத்து 'சிப்பி மேடு' என்கிறது என் வரைபடம்,
நீளம் நாற்பது தப்படி, உயரம் இரண்டாள்.
போய் நின்றால்
வெட்டிய புல், இறைச்சி சுடும் மேடை,
நாய்களுக்கு அனுமதியில்லை என்ற பலகை.
எங்கே, என்றேன்.
"காலையில் அதன்மேல் சாய்ந்துதானே காபி குடித்தாய்."

வண்டி வண்டியாய் அள்ளினார்களாம்.
விறகடுக்கி, மேலே சிப்பி கொட்டி,
மூன்று இரவு எரித்தார்களாம்.
எத்தனை ஆயிரம் மாலைச் சாப்பாடு அது,
சிரித்துக்கொண்டே உறிஞ்சியது,
பிள்ளைக்கு ஊட்டியது, சண்டையில் வீசியெறிந்தது
எல்லாம் வெந்து நீறாகி, மணலோடு குழைந்து,
நீதிபதியின் முதுகுக்குப் பின்னால் சுவராய் நின்றது.

அந்தச் சுவருக்கு முன்னால்தான்
அவளுடைய பாட்டனாருக்குப் பெரியப்பா
கூண்டில் நின்றார்.
கண்ணாடிப் பெட்டியில் பதிவேடு திறந்திருக்கிறது.
குற்றம்: குத்தகைப் பாறையில் சிப்பி எடுத்தது.
மூன்று பவுண்டு அல்லது பதினான்கு நாள்.
"பெயரைத் தப்பாக எழுதியிருக்கிறார்கள்" என்றாள்.
அதை மட்டும்தான் சொன்னாள்.

வெளியே சாரத்தில் அவள் தம்பி டாரல்
பழைய சாந்தைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.
புதிய சாந்து பழையதோடு ஒத்துப்போக வேண்டும்
என்பது ஒப்பந்தம்.
அதனால் வெள்ளிக்கிழமை தோறும்
பந்தாட்டக் கிளப்பின் எச்சில் சிப்பிகளை
வாளியில் வாங்கிவந்து எரிக்கிறான்.
சுரண்டியதைக் குப்பைத்தொட்டியில் போட வேண்டும்,
அதுவும் ஒப்பந்தம்தான்.
தொட்டி காலியாக இருந்தது.
அவன் வண்டியின் பின்பக்கம் தார்ப்பாயின் கீழே
பதினோரு சாக்கு.
எண்ணினேன். எழுதவில்லை.

மோட்டல் அறையில் கணினியைத் திறந்து
சிப்பி மேட்டின் இருப்பிடத்தை மாற்றினேன்:
எண் இரண்டு, பிரதான வீதி.
ஒரே முகவரியில்
இரண்டு மரபிடங்களைப் பதிய இயலாது
என்றது திரை.
மறுபடி அடித்தேன். மறுபடி சொன்னது.

இருட்டுவதற்குள் மெர்லீன் தொலைபேசியில் கூப்பிட்டாள்.
கூட்டுறவுக் கடையில் ஒரு டஜன் வாங்கியிருந்தாள்,
மூவருக்கும் ஒரே கத்தி.
அந்தப் புல்லில் உட்கார்ந்து
காடி தெளித்துச் சாப்பிட்டோம்.
டாரலுக்கு ஐந்து, எங்களுக்கு மீதி.
கடல் உள்ளே வந்துகொண்டிருந்தது.
ஓடுகளைப் பொறுக்கக் குனிந்தேன்.

"விடு" என்றாள்.