கடல் நாள்

ரஜுலாவுக்குப் பிறகு
பாடாங் செராயிலிருந்து கப்பலேறியவள்
ஞானாம்பிகை மிஸ்ஸிதான்.
சேமநிதிப் பணத்தை எடுத்துக்கொண்டு
பனியைப் பார்க்கப் போகிறாளாம் என்று
ஒட்டுக்கடையில் ஒரு வாரம் ஓடியது பேச்சு.
அந்தக் காசுக்கு அடுக்களையை இழுத்துக் கட்டியிருக்கலாம்.
காசிக்கு நாலு தடவை போயிருக்கலாம்.
ஐஸ்தானே, மீன் மார்க்கெட்டில் இல்லாததா.

சாவி என்னிடம்.
தொட்டி மீனுக்குத் தீனி, செடிக்குத் தண்ணீர்,
வியாழக்கிழமை குப்பை.

நேற்றிரவு மழைக்கு நடுவே வந்தது அவள் குரல்:
“இன்னிக்குக் கரையே இல்லடி. கடல்தான்.
நாற்காலியெல்லாம் சங்கிலி போட்டுத்
தரையோட கட்டி வச்சிருக்கான்.
என் சூப்புக் கிண்ணம்
எதிர்ல இருக்கிற வெள்ளைக்காரன்கிட்ட போயிட்டுத்
திரும்பி வருது.
ரெண்டு தடவ வாந்தி.
முப்பது வருசம் அடுத்தவங்க வாந்திய அள்ளுனவளுக்கு
ஒருத்தன் பை நீட்டுறான்.
வெக்கமா இருக்கு. நல்லாவும் இருக்கு.”

பின்னால் ஏதோ உறுமியது,
எஞ்சினோ காற்றோ.

விடியுமுன் இன்னொன்று.
எல்லோரையும் வரிசையில் நிற்க வைத்தார்களாம்.
சட்டைப்பை, பூட்ஸ், பையின் ஒட்டுப்பட்டை,
ஒன்று விடாமல் வேக்குவம் வைத்து உறிஞ்சினார்களாம்.
வெளியூர் விதை ஒன்றுகூட
அந்த மண்ணில் இறங்கக் கூடாதாம்.
அவள் பையிலிருந்து
ஒரு பெண் இடுக்கியால் எடுத்தது
லாலான் பூ. ஒரே ஒரு பஞ்சு.
“எங்கேருந்து வந்துச்சுன்னு கேட்டா.
எனக்கு இங்கிலீசு வரும், ஆனா எப்பிடிச் சொல்றது?
வீட்டுப் பின்னால, கம்பியோரம்னேன்.
எழுதிக்கிட்டா.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை.
பதினாலு வருடமாக
செம்பனைக்கு நடுவே பம்பைச் சுமந்து
நான் மருந்தடிப்பது அதற்குத்தான்.
அடித்தால் மஞ்சளாகும், படுக்கும்,
மேனேஜர் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போன
மூன்றாம் வாரம் நிற்கும்.
என் நகக்கண்ணில் நீலம் போவதில்லை.

இன்று ஞாயிறு.
பின்னால கொஞ்சம் அடிச்சு விடு என்று
போகும்போது சொல்லியிருந்தாள்.
பம்பை இறக்கி வைத்துவிட்டுக்
கம்பியோரம் நிற்கிறேன்.
இடுப்புயரம். வெள்ளை வெள்ளையாக,
லோரி ஒவ்வொன்று கடக்கும்போதும்
ஒரு பக்கமாகச் சாய்ந்து எழுகிறது.

எடுத்ததை என்ன செஞ்சாங்க, எரிச்சிட்டாங்களா
என்று கேட்டு அனுப்பினேன்.

ஒரே ஒரு டிக்.

அங்கே இன்னும் சனிக்கிழமை.
மீனுக்கு நான் இன்னும் தீனி போடவில்லை.