உணரப்பட்டதா

லாரியின் முன்சக்கரம் ஏறி நிற்கும் பலகையில்
இடப்பக்கம் ஓர் அடி,
வலப்பக்கம் ஓர் அடி.
சம்மட்டி வியாகுலத்தின் கையில்.
முப்பது மீட்டர் துளைக்குள்
காதை மட்டும் இறக்கியிருக்கிறோம்.

திரையில் இரண்டு அலைகள்.
ஒன்று ஏறினால் மற்றது இறங்கும்,
முகமும் குளத்தில் அதன் நிழலும் போல.
அவை பிரிகிற இடம்தான் எனக்கு வேண்டும்.
அதை வைத்துச் சொல்லிவிடலாம்,
இந்த மண் ஒரு சேதியை
எத்தனை வேகத்தில் கடத்தும் என்று.
மேலே மணல், சோம்பேறி.
கீழே ஜிப்சமும் களிப்பாறையும், பரவாயில்லை.
"இன்னொரு மீட்டர் ஏத்தட்டுமா மேடம்?"
ஏத்துங்க.

மிர்ஃபாவிலிருந்து நாற்பது நிமிடம் மேற்கே
உப்புச் சேறு ஓடாய்க் காய்ந்த கரை.
இங்கே ஓர் அணு உலை வரலாம்.
வராமலும் போகலாம்.
என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று:
பத்தாயிரம் ஆண்டுக்கு ஒருமுறை
இந்த இடம் எவ்வளவு ஆடும்?

பத்தாயிரம் ஆண்டு முன்பு
இந்தக் கடலே இன்னும் முழுசாக வந்து சேரவில்லை.
என் ஒப்பந்தம் பதினெட்டு மாதம்.

அபுதாபியில் குளிரூட்டிய அறை, ஏழு நிபுணர்கள்.
கடலடியில் ஒரு பிளவு,
வரைபடத்தில் விட்டுவிட்டுப் போகும் கோடு.
உயிர் இருக்கிறதா அதற்கு?
இருக்கிறது என்பதற்கு எவ்வளவு எடை?
பூஜ்யம் புள்ளி ஐந்து என்றார் ஒருவர்.
ஒன்றுமே தராதே என்றார் எதிரே இருந்தவர்.
பிஸ்கட் தட்டு காலியான பிறகு
புள்ளி இரண்டுக்குச் சம்மதித்தார்கள்.
அதை என் மரத்தின் கிளையில் கட்டினேன்.
மொத்தம் நான்காயிரத்துச் சொச்சம் கிளைகள்.
ஒரு காக்கை உட்கார இடமில்லை.

செவ்வாய் இரவு
அக்கரை மலைத்தொடர் தோளைக் குலுக்கிக்கொண்டது.
துபாயில் முப்பத்தெட்டாம் மாடியில் சரவிளக்கு ஊசலாடியதாம்.
லுங்கியோடும் நாய்க்குட்டியோடும் படியிறங்கி வந்தார்களாம்.
தூரத்திலிருந்து வரும் நீண்ட அலைக்கு
உயரமானவர்கள் மேல்தான் பிரியம்.

கேள்வித்தாளோடு முகாமுக்குப் போனேன்.
ஒற்றை மாடி, தகரக் கூரை.

உணரப்பட்டதா?
ரோலர் ஓட்டும் நாகூர்க்கனி சிரித்தார்.
"பன்னிரண்டு மணி நேரம் அது மேல உக்காந்துட்டு வரேன்.
படுத்த பொறவும் உடம்பு ஓடிக்கிட்டே இருக்கும்.
எதை எழுதுவீக?"

தொங்கும் பொருட்கள் ஆடினவா?
கட்டில் கம்பியில் துவைத்த சட்டைகள்.
ஏசி காற்றுக்கு அவை எந்நேரமும் ஆடுகின்றன.

உறக்கத்திலிருந்து விழித்தீர்களா?
அறைக்கு எட்டுப் பேர், இரண்டு ஷிஃப்ட்.
யாராவது ஒருவர் விழித்துக்கொண்டேதான் இருக்கிறார்.

அச்சம் அடைந்தீர்களா?
"எப்ப, அன்னைக்கா?" என்றார் வியாகுலம்.

அந்தக் கட்டத்தில் ஒரு கோடு கிழித்தேன்.
அறிக்கையில் போட்டது: செறிவு இரண்டு, ஐயத்துக்குரியது.

வளைகோடு நள்ளிரவில் வந்தது.
முதல் இழுப்பில் அழகாகத்தான் இருந்தது,
பாறையைப் பொறுத்தவரை.
அப்புறம் மேல்மண்ணைச் சேர்த்தேன்.
சோம்பேறி என்றேனே, அந்த மணல்,
காதில் விழுந்ததை ஒன்றுக்கு ஒன்றரையாக்கி
மேலே சொல்லும் ரகம்.
மணலை அள்ளிவிட்டுக் கட்டலாம் என்று
ஒரு வரி எழுதினேன்.
அள்ளப்போகிறவர்களின் கட்டில் எண்கள்
என் கேள்வித்தாளில் இருந்தன.

கடைசித் துளை, விடிகாலை.
அடிக்கும் முன் சுற்றிலும் ஒருவரும் அசையக்கூடாது.
கையைத் தூக்கினேன்.
ஜெனரேட்டர் அடங்கியது. ரோலர் நின்றது.
டீ கிளாஸைப் பாதி வழியில் பிடித்தபடி ஒருவன்.
இருபத்து மூன்று பேர் வெயிலில் சும்மா நிற்கிறார்கள்,
சம்பளத்தோடு.
அவர்களுக்கு அது பிடித்திருந்தது.

திரையில் மட்டும் ஒரு மெல்லிய நடுக்கம்.
யாரு நடக்குறது?
யாரும் நடக்கவில்லை.
கடல் அலையாக இருக்கலாம்.
நாகூர்க்கனி இறங்கி நின்றிருந்தார்,
கைகளைத் தொடையோடு அழுத்திக்கொண்டு.

பதிவை அழிக்காமல் வைத்துக்கொண்டேன்.
அடிங்க, என்றேன்.