மழை இல்லை, யானை உண்டு

பாளையங்கோட்டைக் கல்லறைத் தோட்டத்தில்
'அமைதியே உருவான நம் சகோதரி' என்று
சபை ஐயர் தொடங்கியதும்
பின்வரிசையில் நாங்கள் நான்கு பேரும்
தரையைப் பார்த்துக்கொண்டோம்.
செல்வின் மட்டும் இருமினான்.

ஹெப்சிபா,
நாலுமுக்குக்கும் மேலே,
பஸ் திரும்பிப்போகும் இடத்திலிருந்து
இரண்டு மணி நேர நடையில்
அந்தத் தகரக்கூரை நிலையம்.
அங்கே உன்னைவிட அதிகம் பேசியது
மழை ஒன்றுதான்.
அதுவும் ஆடியில் மட்டும்.

நீ வந்த முதல் வாரமே
மழையைப் பதியும் பெட்டி பூஞ்சை பிடித்துச் செத்தது.
புதுசு வர எட்டு மாதம் என்றார்கள்.
அம்பாசமுத்திரத்தில் வாங்கிய கால்குலேட்டரைப் பிரித்து
சமக்குறிப் பொத்தானுக்கு அடியில்
இரண்டு கம்பி விட்டாய்.
வெளியே சின்னக் குப்பி நிரம்பிக் கவிழும்போதெல்லாம்
உள்ளே பாயிண்ட் இரண்டு கூடியது.
"கணக்குல முட்டை வாங்குனவளுக்கு
வானமே வந்து டியூஷன் எடுக்கு, பாத்தியாலே!"

அட்டைக்கடிக்குக் காடாத்துணியில் காலுறை தைத்து
மூக்குப்பொடி தேய்த்து
ஆளுக்கு ஒரு ஜோடி விற்றாய், கடனுக்கு.
போட்டவர்கள் எல்லோரும் தும்மினோம்.
அட்டைகள் தும்மவில்லை.
காசு தரமாட்டோம் என்றதற்கு
"அதுக்கும் ஜலதோசம் புடிக்கட்டும், பொறுங்க" என்றாய்.
நான் இன்னும் பதினெட்டு ரூபாய் பாக்கி.

பிறகு அந்த ஒற்றைக்கொம்பன்
மழைமானியை மிதித்துப்போன இரவு.
காலையில் பதிவேட்டில் உன் கோணல் எழுத்து:
மழை இல்லை. யானை உண்டு.
தலைமையகம் விளக்கம் கேட்டது.
அடுத்த முறை கைரேகை வாங்கி அனுப்புகிறோம்
என்று பணிவோடு எழுதி,
லத்தியின் விட்டத்தை
மில்லிமீட்டரில் சேர்த்தாய்.

ஒரே ஒரு ராத்திரி நீ சிரிக்கவில்லை.
ஜெனரேட்டர் நின்று, மெழுகுவர்த்தியும் தீர்ந்து,
இருட்டில் ஆளுக்கொரு மூலையில் கிடந்தோம்.
"நாம எண்ணலேன்னா பெய்யாதோ?" என்றாய்.
யாரும் வாய் திறக்கவில்லை.
ரொம்ப நேரம் கழித்து நீயே சொன்னாய்:
"பெய்யும். ஆனா அதுக்குப் போரடிக்கும்."

இப்போது அங்கே ஆளில்லை.
வெள்ளைக் கம்பம் ஒன்று நின்றுகொண்டு
சாட்டிலைட்டோடு பேசுகிறது.
போன புரட்டாசியில் ஒருநாள் அது சாய்ந்தது.
வண்ணார்பேட்டை ஆபீஸ் திரையில்
நான் பார்த்துக்கொண்டேயிருந்தேன்.
சென்சார் பிழை. சென்சார் பிழை. சென்சார் பிழை.
யானையைப் பற்றி
ஒரு சொல் இல்லை.