மூன்று பத்து முதல் மூன்று நாற்பது வரை

கல்லுவயல் தடுப்பணையை
இரண்டடி உயர்த்தலாமா என்று
காரைக்குடி அலுவலகத்திலிருந்து கடிதம்.
கேள்வி எனக்கு வரவில்லை,
துளைப்பொறிக்கு வந்தது.
அது சொல்வதை எழுதுகிறவள் நான்.

நான்காம் துளை.
வைரப்பல் சுற்றச் சுற்ற
கல்லின் மாவு கரைந்து வழிந்தது.
குழாயைச் சாய்த்து ரப்பர் சுத்தியலால் தட்டினால்
அணை துண்டு துண்டாக வந்து விழும்,
மூங்கில் கனத்தில்.

மேலே கருங்கல்.
விளிம்பில் சுண்ணாம்பும் செங்கல் தூளும்.
சுரண்டிப் பார்த்தேன், நகம்தான் தேய்ந்தது.
ஆய்வகத்தில் நசுக்கியபோது
சதுர சென்டிமீட்டருக்கு ஆயிரத்து நூறு கிலோ வரை
வாய் திறக்கவில்லை அந்தக் கல்.
அமுக்கினால் பொறுக்கும்.
கல்லும் சாந்தும் சேர்ந்த கட்டு
இழுத்தால்தான் தாளாது.
அதனால்
தண்ணீரின் தள்ளலையும் சுவரின் எடையையும் கூட்டி
வருகிற கோடு
அடியகலத்தின் நடுப் பங்கில்,
மூன்றில் ஒன்றுக்குள், விழ வேண்டும்.
தாண்டினால் தண்ணீர்ப் பக்கத்துக் குதிகால் தூக்கும்.
தூக்கிய இடத்தில் தண்ணீர் நுழையும்.
நுழைந்தது மேலும் தூக்கும்.

இரண்டு மீட்டருக்குக் கீழே செம்புராங்கல்.
இந்தச் சீமையில் குழி தோண்டினால் கிடைப்பது.
யாரோ வண்டி வாடகை மிச்சம் பிடித்திருக்கிறார்கள்.
ஒரு துண்டை இரவு முழுக்க வாளியில் ஊறவைத்து
காலையில் நிறுத்தேன்:
நூற்றுக்கு ஒன்பது கூடியிருந்தது.
அதே வாளியில் கிடந்த கருங்கல்
அரைகூட ஏறவில்லை.

மூன்று மீட்டர் பத்தில்
பொறியின் சத்தம் மாறியது.
ஓட்டுநர் சேவுகன் பிடியிலிருந்து கையை எடுத்தார்.
தண்டு தானாக முப்பது சென்டிமீட்டர் இறங்கிற்று.
விட்ட தண்ணீர் திரும்பி வரவில்லை.
குழாயைத் தட்டினோம்.
ஒரு கரண்டி மணல்.

பெட்டியில் துண்டுகளை அடுக்கும்போது
ஒப்பந்தக்காரரின் ஆள் பொன்னழகு
பக்கத்தில் குந்தி,
"கொஞ்சம் நெருக்கி வச்சா
சரியா இருக்குமே மேடம்" என்றார்.
மிரட்டல் இல்லை.
துணி மடிக்கிறவரின் குரல்.
உண்மைதான். நெருக்கினால்
ஒரே கல்லாகத் தெரியும்.
போட்டோவில் இன்னும் நன்றாக.

படிவத்தில் கல்லுக்குக் கட்டம் உண்டு,
சாந்துக்கு உண்டு, நிறத்துக்கும் விரிசலுக்கும் உண்டு.
இல்லாததற்கு 'குறிப்பு',
என் சுண்டுவிரல் அகலம்.
எழுதினேன்: வெற்றிடம்.
தொண்ணூறு வருஷம் அதன் பங்கை
எந்தக் கற்கள் சேர்த்துச் சுமந்தன என்று
எழுத இடம் போதவில்லை.

சாயங்காலம் வேப்பங்கட்டை ஒன்றை
அளந்து அறுத்தேன். முப்பது சென்டிமீட்டர்.
மறுமுனையைப் பொன்னழகுதான் பிடித்துக்கொண்டார்.
சிவப்பு பெயின்ட் அடித்து
இடைவெளியில் வைத்தேன்.

மறுவாரம் சிமென்ட் பால் ஏற்றினோம்.
கணக்கில் ஆறு மூட்டை.
நான்காம் துளை நாற்பத்தொன்று குடித்தது.
பதினெட்டாவது மூட்டையின்போது
கீழ்ப்பக்கமிருந்து அடைக்கலத்தம்மாளின் கூப்பாடு:
ஆட்டுக்கொட்டில் மூலையில்
சாம்பல் நிறத்தில் ஏதோ ஊறுகிறதாம்,
ஆடு நக்குகிறதாம்.
பம்பை நிறுத்த ஒருவர்,
ஆட்டைப் பிடிக்க மூன்று பேர்.

"கார்த்திகை வந்தா இந்த மூலையில ஈரந்தான்.
வருஷா வருஷம்.
யாரு வந்து கேட்டீக?"

அன்றைக்குப் பம்பைத் திரும்பப் போட
ராத்திரி எட்டு.
கெட்டியாகக் கலக்கி, மெதுவாக ஏற்றினோம்.
கொட்டில் மூலையில் அவளே டார்ச்சோடு நின்று
"வரல... வரல..." என்று
எங்களுக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

உயர்த்தலாமா என்பதற்கு
மேலே யாரோ பதில் எழுதுவார்கள்.
நான் வரைபடத்தில்
ஒரு சின்னச் சதுரம் போட்டு
ஆட்டுக்கொட்டில் என்று குறித்தேன்.
அணையிலிருந்து எழுபது தப்படி.
சரிபார்க்க இன்னொரு முறை நடந்தேன்.
எழுபத்திரண்டு.
ஆடு குறுக்கே வந்துவிட்டது.