யாரும் கேட்டு வராத பொட்டலம்

மூன்று மாதம் யாரும் கேட்டு வரவில்லை.
முகவரி மழையில் கரைந்திருந்தது.
விதிப்படி ஏலம், நாற்பது வெள்ளிக்கு எனக்கு விழுந்தது:
குழலுக்குள் நான்கு துண்டாய் ஒரு தூண்டில்,
உள்ளங்கையளவு தகர டப்பா,
டப்பாவுக்குள் வரிசையாய் ஈக்கள்.

இறகும் நூலும் சுற்றிய ஈக்கள்.
எந்தக் குளிர்நாட்டு ஓடைக்கோ,
எந்த டிரவுட் மீனின் பசிக்கோ.
மூடியில் அதன் படம்.
மேலெல்லாம் புள்ளி,
அம்மை கண்டு தேறிய பிள்ளை மாதிரி.

அடுக்குமாடியின் ஐந்தாவது கார் தளத்தில்
இரவு வேலை முடிந்து வந்து வீசிப் பழகினேன்.
பின்னே. நிறுத்து. முன்னே. விடு.
எடை ஈயில் இல்லை, கயிற்றில் இருக்கிறது
என்று கை புரிந்துகொள்ள ஆறு வாரம்.
அதற்குள் பிடித்தது ஒன்றே ஒன்று:
பத்மலோசனி காயப்போட்ட பாவாடை.

அந்தச் செவ்வாய்,
தீபாவளியன்று வேலை பார்த்ததற்கு மாற்று விடுப்பு.
லாரி ஓட்டும் லியோங் தன் மோட்டாரில் ஏற்றிப் போனான்,
ஜிஞ்சாங் தாண்டி, வேலி கிழிந்த இடம் வழியாக
பழைய ஈயக்குட்டைக்கு.
அவன் பையில் தோமானுக்கு ஒரு பிளாஸ்டிக் தவளை,
செராய், எலுமிச்சை, ஏழு மிளகாய், அலுமினியத் தாள்.
மீனை முன்கூட்டியே நம்புகிறவன்.

ஈ என்றால் பூச்சி.
ஈ என்றால் கொடு என்றும் பள்ளியில் படித்தோம்.
ஈ, ஈ என்று மண்ணிடம் கேட்டு
ஈயம் முழுக்க வாங்கிப் போனவர்கள்
விட்டுச் சென்ற குழி இது.
மழை நிரப்பியது.
மீன் எப்படி வந்தது?
'கோயிலுக்கு வருகிறவர்கள் வாங்கி விடுவார்கள்,
புண்ணியத்துக்கு' என்றான் லியோங்,
கொக்கியில் தவளையை மாட்டியபடி.

பத்து மணிவரை பத்து ஈ.
ஒரு மீனும் மதிக்கவில்லை.
இரண்டு மரத்துக்குப் போயின,
ஒன்று என் காலரில் கடித்துத் தொங்கியது.
தூரத்துப் பாலத்தில் ரயில் போகும்போதெல்லாம்
சன்னல் வழியே யாரோ என்னைப் பார்த்துச் சிரிப்பதாக
நினைத்துக்கொண்டேன்.

எதிர்ப்புறம் ஓர் அத்தி
தண்ணீர்மேல் சாய்ந்து நின்றது.
பழம் விழும். ளொப்.
வட்டம் விரிவதற்குள் பழம் இருக்காது.
மறுபடி ளொப்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது.
ஒரு ஈயின் இறகையெல்லாம் பிய்த்தேன்.
பையின் அடியில் கிடந்தது கிடங்கு நாடா, சிவப்பு,
'உடையும் பொருள், கவனம்' என்று அச்சிட்டது.
அதைக் கொக்கியில் சுற்றிச் சுற்றி
ஓர் அத்திப்பழம் செய்தேன். அசிங்கமான பழம்.
லியோங் சிரிக்கத் தொடங்கினான்.
முடிக்கவில்லை.

ளொப்.

கயிறு என் விரலை அறுத்துக்கொண்டு ஓடியது.
ராட்டை கத்தியது,
அது கத்தும் என்று எனக்கு அதுவரை தெரியாது.
தூண்டில் வளைந்தது, நான் வளைந்தேன்,
செருப்பு ஒன்று சேற்றோடு போனது.
லியோங் ஹொக்கியனில் ஏதோ சொன்னான்,
வசவாகவும் இருக்கலாம், வேண்டுதலாகவும்.

லம்பாம்.
வெள்ளித் தட்டு போல அகலம்,
செந்துடுப்பு, ஓரத்தில் மை தீட்டியது.
தண்ணீருக்குள்ளேயே இரு கையால் ஏந்தினேன்.
அதன் வாய் திறந்து மூடியது,
கேட்க வந்ததை மறந்த ஆள்போல.

அலுவலகத்தில் எல்லாரிடமும் சொன்னேன்
'விட்டுவிட்டேன்' என்று.
சந்திரவதனி மேடம்கூட 'நல்ல மனசு' என்றார்.
இங்கே மட்டும் சொல்கிறேன்:
போனை எடுக்க ஒரு கையை விட்டேன்.
ஒரு துள்ளு. கொக்கி என் கையில்,
மீன் குட்டையில்.

லியோங் செராயைத் திரும்பப் பையில் வைத்தான்.
அரை மணி நேரம் என்னோடு பேசவில்லை.

அப்புறம்தான் கொக்கியைத் தடவிப் பார்த்தேன்.
எதிர்முள் இல்லை.
குறடால் நசுக்கிய தழும்பு மட்டும்.
டப்பாவைத் திறந்து ஒவ்வொன்றாய்ப் பார்த்தேன்.
ஒன்றிலும் இல்லை.
எங்கோ ஒரு மேசையில் குனிந்து உட்கார்ந்து
அனுப்புமுன் எல்லாவற்றையும் நசுக்கியிருக்கிறார்,
பெயர் தெரியாத அந்த ஆள்.

புதன் காலை ஏழு மணி.
ஸ்கேனர் பிடித்த கையில் மீன் வாசம்.
முதல் பெட்டிக்குச் சிவப்பு நாடா ஒட்டினேன்,
தேவைக்கு மேல் ஒரு சுற்று.