பிழைக்கு ஒரு சத்தம்

மடிக்கணினி வந்த நாளிலிருந்து
தப்பு செய்தால் 'டங்'.
எவர்சில்வர் மூடி தரையில் விழுவது போல.
அடுத்த அறையில் மெய்யரசி
ராத்திரி முழுக்க இப்ஸ்விச் ஆஸ்பத்திரியில் நின்றுவிட்டுப்
பகலில் தூங்குகிறாள்.
ஒவ்வொரு டங்குக்கும் சுவரில் ஒரு குத்து.

மாற்றிக்கொள்ளலாமாம். அமைப்புகளுக்குள் போனால்
ஒலி, அதற்குள் எச்சரிக்கை, அதற்குள் ஒரு பட்டியல்:
கண்ணாடி. தவளை. துளி. நீர்மூழ்கிக் கப்பல்.
பெயர்கள்தான் அழகு.
தவளையைத் தட்டினால் தகரம் கத்துகிறது.
கடைசி வரியில் மட்டும்
'உங்களுடையது' என்று ஒரு காலியிடம்.

என்னுடையது எது?
பிப்ரவரி மாத பிரிஸ்பேன். மொரூக்காவில் மின்விசிறிக்கே வேர்க்கிறது.
போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு வீடு முழுக்க நடந்தேன்.
ஃபிரிட்ஜின் முனகல், வேண்டாம்.
என் விரல் சொடுக்கு, கணக்கு வாத்தியார் மாதிரி இருந்தது.
பீன்லீ ரயில் போகிற சத்தம், முடியவே இல்லை.
அப்போது டியூப்லைட்டுக்குப் பின்னாலிருந்து
த்சு த்சு த்சு.

எடுத்துக்கொண்டேன். இரண்டு விநாடிக்கு வெட்டினேன்.

பல்லியும் இந்த ஊருக்கு வந்து சேர்ந்ததுதான்.
ஏதோ கப்பலில், ஏதோ பெட்டியின் இடுக்கில்,
ஒரு படிவமும் நிரப்பாமல் இறங்கி
கிடைத்த சுவரைப் பிடித்துக்கொண்டது.

அன்றிலிருந்து
பஸ் டிப்போ சம்பளப் பட்டியலில்
டிரைவர் கெவினுக்கு வாரத்தில் எட்டு நாள் போட்டால்
த்சு த்சு.
மெய்யரசி அசையாமல் தூங்கினாள்.
சுவரில் இருந்தவன்தான் தூங்கவில்லை.
தன் எல்லைக்குள் எவனோ வந்துவிட்டான் என்று
என் ஒவ்வொரு பிழைக்கும் எதிர்ச்சொல் சொன்னான்.
நான் தப்பு செய்யச் செய்ய
வீட்டுக்குள் வரப்புச் சண்டை.

ஒன்றை மட்டும் யோசிக்காமல் விட்டேன்.
இயந்திரத்துக்கு அந்தச் சத்தம் 'தவறு'.
என் காதுக்கு
வாயிலிருந்து விழுந்த சொல்லுக்குக் குத்தும் முத்திரை:
பல்லி சொல்லிடுச்சு, பலிக்கும்.
முப்பத்தொன்பது வயது, இதையெல்லாம் நம்பாதவள்,
கெவினின் எட்டாம் நாளை அழிக்குமுன்
ஒரு கணம் கையை எடுத்துவிட்டேன்.
பாவம், கிடைத்தால் கிடைக்கட்டுமே.

எந்தத் திசையில் சொன்னால் என்ன பலன் என்று
பஞ்சாங்கத்தில் பார்த்துக்கொள்ளலாம்.
மடிக்கணினிக்கு எது திசை?
நான் திரும்பினால் அதுவும் திரும்புகிறது.

நேற்று நிரந்தர விசா விண்ணப்பம்.
பதினேழாம் பக்கம்.
இங்கேயே தங்குவது உங்கள் உத்தேசமா?
ஆம், இல்லை, இரண்டு வட்டங்கள்.
ஆம் மேல் வைத்து அழுத்தினேன்.

த்சு த்சு.

சிவப்பு எழுத்து எங்காவது முளைத்திருக்கிறதா என்று தேடினேன்.
இல்லை. இன்னும் கீழே இறக்கிப் பார்த்திருக்கலாம்.
டியூப்லைட்டுக்கு மேலே ஒரு வால் நுனி.
ஒலி அணைத்திருந்ததா, தெரியாது,
அதையும் பார்க்கவில்லை.

மெய்யரசி எழுந்து வந்து, கொட்டாவிக்கு நடுவில் கேட்டாள்:
"இப்ப கத்தினது பெட்டியா, சுவரா?"

'அடுத்து' என்பதைத் தட்டினேன்.
சின்ன வட்டம் ஒன்று
சுற்ற ஆரம்பித்தது.