முதலிடம்: பன்னிரண்டாயிரம் பீஸ்

அந்த வருசத்து இங்கிலாந்துப் பாட்டு
அத்தனையும் எனக்குத் தெரியும்.
ஒன்றையும் கேட்டதில்லை.

ஞாயிறு சாயங்காலம் அங்கே ரேடியோவில்
நாற்பதிலிருந்து ஒன்றுவரை இறங்கி வருவார்களாம்.
திருப்பூருக்கு அது நடுராத்திரி.
திங்கள் மதியம், சோற்றுப் போசியைத் திறக்கிற நேரம் பார்த்து
மாடி ஆபீசில் ஃபேக்ஸ் நாக்கை நீட்டும்.
ஒன்று என்றால் இன்னும் பன்னிரண்டாயிரம் பீஸ்,
கப்பல் வேண்டாம், விமானம்.
ஐந்துக்குள் என்றால் நாலாயிரம்.
பதினேழு என்றால் ‘பொறுத்திருக்கவும்’.
பட்டியலிலேயே இல்லை என்றால்
பையர் போனை எடுக்கமாட்டார்.

ஒரு முகத்துக்கு நாலு சட்டம்.
மஞ்சள் இழுப்பது கிட்டுசாமி, சிவப்பு அவன் மச்சினன்,
நீலம் உசிலம்பட்டிப் பையன்,
கறுப்பு நான்.
கறுப்பு விழும்வரை முகத்துக்குக் கண் இல்லை, பல் இல்லை.
வாயைத் திறந்துவிடுவது கடைசியில் நான்தான்.
திறந்தபடியே காயும்.
திறந்தபடியே மடித்துப் பாலித்தீனில் போடுவோம்.

தை மாதம், கண்ணை மறைத்த முடியோடு நாலு பேர்.
மாசி பிறப்பதற்குள் இருபத்தொன்பதுக்குச் சறுக்கிவிட்டார்கள்.
அப்புறம் தாடை நீண்ட ஒருத்தி, தனியாக வந்தாள்.
ஆறு வாரம் முதலிடத்தில் உட்கார்ந்தவள் எழவே இல்லை.
அந்த ஓவர்டைமில்தான் டெய்லர் ருக்மணி தோடு வாங்கினாள்.
“மவராசி, தொண்டை கட்டாம இருக்கோணுஞ் சாமி”
என்பாள் செக்கிங் டேபிள் வேலாத்தாள்,
பிசிறு வெட்டிக்கொண்டே.

ஆடியில் வந்தது வினை.
இரண்டு கூட்டம், ஒரே நாளில் பாட்டை இறக்கினார்கள்.
ஒன்று எங்களுக்கு.
மற்றது எதிர்ச் சந்து தங்கமயில் பிரிண்டர்ஸுக்கு.
டீக்கடையில் பந்தயம் கட்டினோம்.
எவன் நன்றாகப் பாடுவான் என்றால் யார் கண்டது?
எங்களவன் ஜாக்கெட். அவர்களவன் கண்ணாடி. அவ்வளவுதான்.
கிட்டுசாமி பெருமாநல்லூர் வரைக்கும் போய்
கொண்டத்துக் காளியம்மனிடம் சொல்லிவிட்டு வந்தான்:
“ஆத்தா, ஜாக்கெட்டுக்காரன் செயிச்சுப்போடோணும்.”
ஆத்தாளுக்கு எந்தப் பாட்டுப் பிடித்ததோ,
திங்கள் வந்த காகிதத்தில் எங்களுக்கு இரண்டு.

நம்பிக்கையில் முன்னாலேயே அடித்து வைத்திருந்தோம்.
ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில்
எட்டாயிரம் பீஸ் மேசையிலேயே கிடந்தது.

ஜெயித்த கூட்டத்தின் நிறம் ஊதா.
செவ்வாய்க்கிழமையே பட்டறைகள் திறந்துவிட்டன.
ஈஸ்வரன் கோயில் பாலத்தில் நின்று பார்த்தேன்,
நொய்யல் ஊதாவாகப் போய்க்கொண்டிருந்தது.
ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே
கிணற்று நீரை வாயில் வைத்துத் துப்புகிறவருக்கு
இது முதலிடம் என்று யார் போய்ச் சொல்வது?
எங்கள் பச்சை வந்திருந்தாலும்
அவர் தென்னைக்கு ஒன்றுதான்.

தேங்கிய எட்டாயிரமும் காதர்பேட்டைக்குப் போனது,
சட்டை ஒன்று பதினெட்டு ரூபாய்.
ஐப்பசியில் பல்லடம் பஸ் படியில் அவன் தொங்கினான்.
மாட்டுச் சந்தையில், துண்டுக்கு அடியில்
விரல் பிடித்து விலை பேசுகிறவர் மார்பில் நின்றான்.
சாக்கடை அடைப்பு எடுக்கிறவரோடு குனிந்தான்.
எங்கே பார்த்தாலும் அவன் வாய் திறந்தே இருந்தது.
அவன் ஊரில்கூட இத்தனை பேர்
அவனைப் போட்டிருக்கமாட்டார்கள்.

மார்கழியில் சாம்பிள் பெட்டிக்குள் ஒரு கேசட் வந்தது.
பிளேயர் இருப்பது முதலாளி வேனில் மட்டும்.
ஊத்துக்குளிப் பக்கம் ரயில்வே கேட் சாத்தியிருந்தது,
டிரைவர் போட்டுவிட்டார்.

“இவனுக்கா வேண்டிக்கிட்டேன்?” என்றான் கிட்டுசாமி பாதியில்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
அத்தனை ஆயிரம் முறை நான் திறந்த வாய்,
இவ்வளவு மெல்லிசாகவா பேசும்?
வார்த்தை பிடிபடவில்லை.
ஓரிடத்தில் யாரையோ
வாசல்வரை வந்து கூப்பிடுகிற மாதிரி இருந்தது.
சரியாக அப்போது கூட்ஸ் வண்டி வந்தது,
ஐம்பத்திரண்டு பெட்டி.

கேட் திறந்தபோது
அடுத்த பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.